குரோக்கே: ஒரு தொரட்டியும் ஒரு திருத்தமும்

இது ஒரு திருத்தக் குறிப்பு. போன மாசம் நான் சொன்ன ஒரு தப்பை நானே சரி செய்யணும். தப்பு பெருசா சின்னதா என்று கேட்டால், சொல் அளவில் ஒரே ஒரு வார்த்தைதான். ஆனால் அதை நம்பி வகுப்பில் எழுந்து நின்ற ஒரு பிள்ளைக்கு அது பெரிசு.

எங்க ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில். கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் பக்கம் போகிற வழி. அக்கா மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளியில் 'ஆலிஸின் அற்புத உலகம்' கதையின் சுருக்கம் வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதில் சீட்டுக்கட்டு ராணி ஒரு விளையாட்டு ஆடுவாள். பூநாரையைப் பிடித்து அதன் கழுத்தை மட்டையாக வைத்துக்கொண்டு, சுருண்டு கிடக்கிற முள்ளெலியைப் பந்தாக அடிக்க வேண்டும். சிப்பாய்கள் குனிந்து கையைத் தரையில் ஊன்றி வளையமாக நிற்பார்கள். அந்த விளையாட்டுக்குப் பேர் குரோக்கே.

"மாமா, குரோக்கெட்னா இன்னா மாமா?" என்று போனில் கேட்டாள்.

"கடைசி எழுத்தைச் சொல்லக் கூடாதும்மா. குரோக்கே. பிரெஞ்சு வார்த்தை. வளைஞ்ச கோல்னு அர்த்தம். நம்ம கொக்கி இருக்குல்ல, அதுதான் அங்க போய் குரோக்கே ஆயிடுச்சு" என்றேன்.

முதல் நாலு வாக்கியம் சரி. ஐந்தாவது வாக்கியத்தை நான் எங்கேயும் பார்த்துச் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, காதுக்கு நன்றாக இருந்தது, சொல்லிவிட்டேன். பிள்ளை அதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "ஆதாரம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். "எங்க மாமா சொன்னார்" என்று சொன்னாளாம். சுற்றி இருந்த பிள்ளைகள் சிரித்திருக்கின்றன. சாயங்காலம் போன் செய்தவள் கோபப்படவில்லை, அழவில்லை. "ஆதாரம் குடு மாமா" என்று மட்டும் கேட்டாள்.

தேடினேன். நான் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் தேடிய வழியில் கிடைத்தவை நான் அவிழ்த்துவிட்ட கதையைவிட நல்லவை. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் விளையாட்டு

குரோக்கே புல்தரையில் ஆடுவது. நீளம் 35 கஜம், அகலம் 28 கஜம். தரையில் ஆறு இரும்பு வளையங்கள், நடுவில் ஒரு முளைக்குச்சி. ஒரு பக்கத்துக்கு நீலமும் கறுப்பும், மறு பக்கத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் என்று நாலு பந்து. நீண்ட கைப்பிடி போட்ட மரச்சுத்தியலால் பந்தைத் தட்டி ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு முறை கடக்க வேண்டும். ஆக பன்னிரண்டு. கடைசியில் முளைக்குச்சியில் அடித்தால் பதின்மூன்றாவது புள்ளி. கேட்கச் சுலபம். ஆனால் பந்தின் குறுக்களவு மூணே ஐந்தெட்டு அங்குலம், வளையத்தின் இடைவெளி மூணே முக்கால் அங்குலம். எட்டில் ஒரு அங்குலம்தான் சலுகை.

நம் பந்து இன்னொரு பந்தைத் தொட்டுவிட்டால், நம் பந்தை எடுத்துக்கொண்டு போய் அதன் பக்கத்தில் ஒட்டி வைத்து, நம் பந்தை அடிக்கலாம். இரண்டும் நகரும். எதிராளியின் பந்தை எங்கேயோ மூலைக்குத் துரத்திவிடலாம். அந்த அடிக்கும் குரோக்கே என்றுதான் பெயர். பார்க்கச் சாதுவான ஆட்டம், ஆடினால் பொல்லாத ஆட்டம்.

1850களில் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பரவியது. 1868இல் இதற்காகவே ஒரு கிளப் தொடங்கினார்கள். அதை நீங்கள் எல்லாருமே டிவியில் பார்த்திருக்கிறீர்கள். விம்பிள்டன்! அகில இங்கிலாந்து குரோக்கே கிளப் என்பதுதான் அதன் முதல் பெயர். டென்னிஸ் பிறகு உள்ளே வந்த விருந்தாளி. 1877இல் பெயரில் டென்னிஸையும் சேர்த்தார்கள். அதே வருஷம்தான் முதல் விம்பிள்டன் போட்டி. 1882இல் குரோக்கேயைப் பெயரிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1899இல் மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தார்கள், ஆனால் டென்னிஸுக்குப் பின்னால். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. வீட்டைக் கட்டியவன் திண்ணையில் உட்கார்ந்த கதை.

1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டம் இருந்தது. பெண்கள் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அதுதான். குரோக்கேயிலும் பெண்கள் ஆடினார்கள். அமெரிக்காவில் இதைக் கெட்டித் தரையில் ஆடும் ஒரு வகையை உண்டாக்கி, சொல்லின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வெட்டி 'ரோக்' என்று பெயர் வைத்தார்கள். 1904 ஒலிம்பிக்கில் ஆடியது அது.

இனி சொல்

பழைய நார்ஸ் என்பது வைக்கிங்குகள் பேசிய மொழி. அதில் குரோக்ர் என்றால் கொக்கி. ஆங்கிலத்தில் வளைந்த கோலுக்குச் சொல்லும் 'குரூக்' அதிலிருந்து வந்தது. பிரெஞ்சில் கொக்கிக்கு 'குரோ'. எழுத்தில் கடைசியில் ககரம் உண்டு, இப்போது ஒலிப்பதில்லை. இதுவும் அந்த வடக்கத்திச் சொற்குடும்பம்தான். அதோடு சிறுமை காட்டும் விகுதி சேர்ந்தால் சின்னக் கொக்கி. இந்தச் சின்னக் கொக்கிதான் பாரிஸ் பக்கத்துப் பேச்சில் 'குரோஷே', வடபிரான்சுப் பேச்சில் 'குரோக்கே'.

குரோஷே நமக்குத் தெரியாத சொல்லா என்ன? கொக்கி ஊசியால் நூல் பின்னுகிற குரோஷா வேலை அதுதான். எங்க வீட்டு ரேடியோ மேலே அம்மா பின்னிப் போட்ட வெள்ளைத் துணி ரொம்ப காலம் இருந்தது. அந்தப் பின்னல் ஊசியும், விம்பிள்டனில் ஆடிய ஆட்டமும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு. ஒன்றில் ஷகரம், மற்றதில் ககரம். ஏன்?

பாரிஸ் பக்கம் சில இடங்களில் ககரம் மெலிந்து சகரம் போல ஆனது. வடக்கே நார்மண்டி, பிகார்டி பக்கம் ககரம் அப்படியே நின்றது. கோட்டைக்குப் பாரிஸ் பிரெஞ்சில் ஷாத்தோ, வடக்கிலிருந்து இங்கிலாந்து போன சொல் காஸில். இரண்டும் ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ளப் பிரான்ஸ் வரை போகவே வேண்டாம். ஓசூர் தாண்டினால் போதும். நாம் செவி என்கிறோம், கன்னடத்தில் கிவி. நாம் செய் என்கிறோம், அங்கே கெய். நமக்குச் செம்மை, செம்பு, அவர்களுக்கு கெம்பு. நமக்குச் சிறு, அவர்களுக்கு கிறு. முன்னால் இகரமோ எகரமோ வருகிற இடத்தில் பழைய ககரம் தமிழில் சகரமாகிவிட்டது. கன்னடம் அதைக் காப்பாற்றிக்கொண்டது. செவிக்கும் கிவிக்கும் என்ன உறவோ அதுதான் குரோஷேவுக்கும் குரோக்கேவுக்கும். இதைப் படித்தபோது எனக்கு வந்த சந்தோஷம், கொக்கிதான் குரோக்கே என்று உளறியபோது வந்த சந்தோஷத்தைவிட அதிகம். இதற்கு ஆதாரம் இருக்கிறதே!

வடபிரான்சு வட்டார வழக்கில் குரோக்கே என்றால் ஆட்டுக்காரனின் வளைந்த கோல். அதேபோல் நுனி வளைந்த ஆட்ட மட்டைக்கும் அதுவே பெயர், இன்றைய ஹாக்கி மட்டை மாதிரி. பிறகு மட்டை போய் மரச்சுத்தியல் வந்தது. சுத்தியலில் வளைவு ஏதும் இல்லை. ஆனால் பெயர் மாறவில்லை. பொருள் போன பின்னும் பெயர் நிற்பது எல்லா மொழியிலும் உண்டு. எள்ளிலிருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். இப்போது கடலை எண்ணெய் என்கிறோம், தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்றுகூடச் சொல்கிறோம். எள் எங்கே இருக்கிறது?

குரோக்கேக்கு முன்னால் ஐரோப்பாவில் ஆடியது 'பால்மால்'. இத்தாலி மொழியில் பந்து, சுத்தியல் என்ற இரு சொற்களின் சேர்க்கை. லண்டனில் அதை ஆடிய நீண்ட பாதைக்கும் அந்தப் பெயரே வந்தது. அந்தப் பாதை 'த மால்' ஆனது, பிறகு நடந்து உலாவும் எந்த நிழற்சாலையும் மால் ஆனது, கடைசியில் கடைகள் அடைத்த கட்டடம் மால் ஆனது. சென்னையில் மாலுக்குப் போகிறேன் என்று கிளம்புகிற பையன் உண்மையில் சுத்தியலுக்குப் போகிறேன் என்று சொல்கிறான்.

அப்படியென்றால் கொக்கி?

கொக்கி தமிழ்ச் சொல்தான். கன்னடத்தில் கொக்கெ, மலையாளத்தில் கொக்க, தெலுங்கில் கொக்கெம். குடும்பம் முழுக்க இருக்கிற சொல். யாரிடமும் கடன் வாங்கியதாகத் தெரியவில்லை, வாங்க வேண்டிய தேவையும் இல்லை. அதே மாதிரி குரோக்ர் ஸ்காண்டிநேவியாவில் இருக்கிற சொல். இரண்டுக்கும் பொருள் ஒன்று, ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்லலாமா?

ஒரு சொல் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போனது என்று சொல்ல மூன்று காரியம் வேண்டும். ஒன்று, போன வழி. யார் கொண்டு போனார்கள், எந்தத் துறைமுகம், என்ன சரக்கு. இரண்டு, வழியில் இருக்கிற மொழிகளில் அதன் தடம். மூன்று, ஓசை மாறியதற்கு ஒரு முறை. ஒரு சொல்லில் நடந்த மாற்றம் அதே மாதிரியான மற்ற சொற்களிலும் நடந்திருக்க வேண்டும். செவி-கிவிக்கு அது இருக்கிறது. குரோஷே-குரோக்கேக்கு இருக்கிறது. கொக்கி-குரோக்கேக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. நடுவில் ஒரு ரகரம் எங்கிருந்து முளைத்தது என்பதற்கே என்னிடம் பதில் இல்லை.

ஓசை ஏமாற்றும் என்பதற்கு அதே வீட்டிலேயே சாட்சி உண்டு. குரோக்கெட் என்று ஒரு தின்பண்டம், நம்ம கட்லெட்டுக்குத் தம்பி. எழுத்தில் குரோக்கேவும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் தின்பண்டத்தின் பெயர் 'மொறுமொறு என்று கடி' என்ற பிரெஞ்சு வினைச்சொல்லிலிருந்து வந்தது. கொக்கிக்கும் அதற்கும் ஒட்டு உறவு இல்லை. கட்லெட்டும் அப்படியே. வெட்டுவதால் கட்லெட் என்று நினைத்தால் தப்பு. விலா எலும்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

அவ்வளவு தூரம் எதற்கு, எங்க ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, "வில்லு புரம், வில் வீரர்கள் இருந்த ஊர்" என்று விளக்கம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வில்லும் வளைந்ததுதான், என் கட்டுரைக்கு ரொம்பப் பொருத்தமாக இருக்கும்! ஆனால் ஊர்ப் பெயர் விழுப்புரம். ழகரம். விழுமியம், விழுப்பொருள், விழுப்புண் என்பதில் வருகிற விழு. சிறப்பு என்று பொருள். விழுப்பரையன் என்ற பழைய பட்டப் பெயரோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. ஆங்கிலத்துக்கு ழகரம் வராததால் நம் காதுக்குள் ஒரு வில் முளைத்துவிட்டது.

திண்டிவனம் அப்படி இல்லை, அதற்குச் சாட்சி ஊருக்குள்ளேயே இருக்கிறது. திந்திரிணி என்றால் வடமொழியில் புளியமரம். திந்திரிணி வனம் புளியங்காடு. ஊர்க் கோயிலில் இருப்பவர் திந்திரிணீஸ்வரர். ஓசை, பொருள், கோயில் மூன்றும் ஒன்றாகச் சாட்சி சொல்கின்றன. புளிக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'டாமரிண்ட்' அரபியிலிருந்து போனது. தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை. அரபு வணிகர்கள் கொண்டுபோன வழியும் தெரியும், சரக்கும் தெரியும். சொல் பயணம் போவதென்றால் இப்படிப் போக வேண்டும்.

தாத்தாவின் தொரட்டி

புளியங்காடு என்றதும் தொரட்டிக்கு வந்துவிட்டேன். தாத்தா ஆடு வைத்திருந்தது. முப்பது, நாற்பது உருப்படி இருக்கும். கையில் எப்போதும் ஒரு தொரட்டி. நீண்ட மூங்கில் கழி, நுனியில் வளைந்த இரும்பு அலகு. கோடையில் புல் கருகிப்போனால் வேல மரத்திலும் ஆல மரத்திலும் கிளையை இழுத்து அறுத்துப் போடும். மாசி, பங்குனியில் அதே தொரட்டிதான் புளியங்கிளையை வளைத்து உலுக்கும். முள்ளில் மாட்டின குட்டியை அலகு படாமல் கழியால் ஒதுக்கி எடுக்கும். இரும்பு இல்லாமல் மரமே வளைந்திருக்கும் கோலும் வீட்டில் ஒன்று இருந்தது. வடபிரான்சில் ஆட்டுக்காரன் குரோக்கே என்று எதைச் சொன்னானோ அது ஏறக்குறைய இதுதான். அவன் அதால் ஆட்டின் காலை வளைத்துப் பிடிப்பான். தாத்தா கிளையை வளைத்துப் பிடித்தது.

நிகண்டுச் சொல் துறடு, துறட்டி. எங்க பக்கத்துப் பேச்சில் தொரட்டி. அந்தச் சொல்லுக்கு அகராதியிலேயே இன்னொரு பொருளும் இருக்கிறது: சிக்கல், தொல்லை. "இது என்னடா பெரிய தொரட்டா இருக்கு" என்று இன்றைக்கும் சொல்கிறோம். வளைந்தது மாட்டும், மாட்டினால் தொல்லை.

ஆங்கிலத்திலும் இதே போக்கு. வளைந்த கோலுக்குச் சொல்லும் குரூக், பிறகு ஏமாற்றுக்காரனுக்குப் பெயரானது. தமிழில் இது இன்னும் மேலே, அரியணை வரைக்கும் ஏறியது. கொடு என்றால் வளைவு. வளைந்த கோல் கொடுங்கோல், நேரான கோல் செங்கோல். திருக்குறளில் 55ஆவது அதிகாரம் செங்கோன்மை, அடுத்த அதிகாரமே கொடுங்கோன்மை. கொடுமை என்ற சொல்லே வளைவிலிருந்து வந்ததுதான். சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் கோல் வளைந்தது, அவன் உயிரை விட்டு அதை நிமிர்த்தினான் என்று பேசப்படுவதன் அடியில் இருப்பதும் இந்த எண்ணம்தான். ஐரோப்பாவில் வளைந்த கோல் திருடனுக்குப் பெயரானது. நம்மிடம் நீதி தவறிய ராஜாவுக்குப் பெயரானது.

ஆனால் வளைவு எல்லா இடத்திலும் கெட்டதல்ல. கத்தோலிக்கத் திருச்சபையில் பிஷப்பின் கையில் தலை வளைந்த கோல் இருக்கும். அது மேய்ப்பன் கோல். தமிழ்க் கத்தோலிக்கர் பிஷப்பை ஆயர் என்கிறார்கள். ஆடு மாடு மேய்ப்பவரின் பழைய பெயர் அது. அந்தக் கோலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்தான் 'குரோஸ்'. கனடாவில் பழங்குடிகள் வலைமட்டை வைத்து ஆடிய ஆட்டத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் 'லா குரோஸ்' என்று பெயர் வைத்தது அதனால்.

நம்ம ஊரிலும் கடவுள் கையில் வளைந்த கோல் உண்டு. பழைய ஐயனார் கற்சிலைகளில் கையில் பாருங்கள், நுனி வளைந்த ஒரு தடி இருக்கும். அதற்குப் பெயர் செண்டு. எங்க மாவட்டத்து ஏரிக்கரைகளில் அப்படி நிறைய ஐயனார் உட்கார்ந்திருக்கிறார். கரிகாலன் காஞ்சிக் காமக்கோட்டத்துச் சாத்தனிடம் செண்டு வாங்கிப் போய் மலையைத் திரித்தான் என்று ஒரு பழைய பாட்டு சொல்கிறது. மன்னார்குடி ராஜகோபாலன் கையில் இருப்பதும் செண்டு, மாடு மேய்க்கும் கோலத்தில். இப்போது அகராதியைத் திறந்தால் செண்டுக்கு வளைகோல், குதிரைச் சாட்டை, விளையாடும் பந்து, குதிரை பயிற்றும் வெளி, பூச்செண்டு என்று பொருள்கள் வரிசையாக நிற்கின்றன. கோலின் பெயர் பந்துக்கும், ஆடும் தரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரான்சில் மேய்ப்பன் கோல் ஆட்டத்தின் பெயரானதுபோலவே. உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன.

கடைசியாக ஒரு கொக்கி

எழுதி முடிக்கலாம் என்று இருந்தபோது அகராதியில் பக்கத்திலேயே ஒரு சொல் கண்ணில் பட்டது. நம் தாலுகா ஆபீஸ்களில் தினமும் புழங்குகிற சொல். 'என்குரோச்மென்ட்'. ஆக்கிரமிப்பு.

அதுவும் இதே கொக்கிதான். பழைய பிரெஞ்சில் 'கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்' என்ற வினைச்சொல். ஆங்கிலத்துக்குப் போய் பிறர் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது என்றானது. சென்னை மாகாணத்தில் 1905இல் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வந்தபோது இந்தச் சொல்லும் நம் கிராமங்களுக்குள் வந்தது. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. புறம்போக்கில் பயிர் வைத்தவனுக்கும் வீடு கட்டினவனுக்கும் 'பி மெமோ' எழுதுவது அதன்படிதான்.

எங்க ஊரில் மேய்க்கால் புறம்போக்கு இருந்தது. மந்தைவெளி என்போம். தாத்தா காலையில் ஆட்டை அங்கேதான் விடும். எனக்கு நினைவு தெரிந்து ஏரிக்கரையிலிருந்து ரோடு வரைக்கும் வெட்டவெளி. ஒருவர் வைக்கோல் போர் போட்டார். ஒருவர் வேலி கட்டினார். வேலி சுவரானது. நாலுவழிச் சாலை வந்ததும் மனை விலை ஏறியது, சாலையோரப் புளியமரங்களும் போயின. யாரும் ஒரே நாளில் பிடுங்கவில்லை. தொரட்டியால் கிளையை இழுக்கிற மாதிரி, மெதுவாக, தன் பக்கமாக. ஒரு நாள் தாத்தா ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த ஆடிக்குள் எல்லா உருப்படியையும் விற்றுவிட்டது. தொரட்டியை மட்டும் விற்கவில்லை. அது மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் செருகியபடி இன்னும் இருக்கிறது.

இங்கிலாந்தில் புல்வெட்டும் இயந்திரம் வந்தது 1830இல். அதற்கு முன் புல்தரையைக் கட்டையாக வைத்திருக்க ஒன்று அரிவாளால் அறுக்க வேண்டும், இல்லையென்றால் ஆடு மேய வேண்டும். இயந்திரம் வந்த பிறகு ஆட்டுக்கு அங்கே வேலை இல்லை. அதற்குப் பிறகுதான் குரோக்கே மாதிரி ஆட்டங்கள் பெரிய வீட்டுப் புல்தரைகளில் பரவின. ஆடு போன தரையில், ஆட்டுக்காரன் கோலின் பெயரால் ஒரு ஆட்டம். எங்க மந்தைவெளியில் ஆட்டமும் இல்லை.

பிள்ளைக்கு எழுதி அனுப்பியது இவ்வளவுதான்: "குரோக்கே என்பது வடபிரான்சு வழக்கில் மேய்ப்பவரின் வளைந்த கோல். பழைய நார்ஸ் மொழியின் கொக்கி என்ற சொல்லின் குடும்பம். குரோஷே அதன் இன்னொரு உச்சரிப்பு. தமிழ்க் கொக்கிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மாமா சொன்னது தப்பு."

கடைசி வரியையும் வகுப்பில் வாசிக்கணும் என்று சொன்னேன். வாசித்தாளாம். சிரித்தார்களா என்று கேட்டேன். "இல்ல மாமா. செவிக்கு கிவினு சொன்னதுக்குத்தான் சிரிச்சாங்க. எங்க கிளாஸ்ல பெங்களூர்ல இருந்து வந்த ஒருத்தி இருக்கா, அவ ஆமாம்னு எழுந்து சொன்னா" என்றாள்.

போனை வைக்கும்முன் ஒன்று கேட்டாள். "அப்ப தாத்தா தொரட்டிக்கு இங்கிலீஷ்ல இன்னா மாமா?"

பிரான்சு ஆட்டுக்காரனின் கோலுக்குச் சொல்லும் சொல்லைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கோலில் இரும்பு அலகு கிடையாது. அவன் கிளை அறுத்ததில்லை, புளி உலுக்கியதில்லை. இன்னொரு முறை வாய்க்கு வந்ததைச் சொல்ல எனக்குப் பயம். "தொரட்டினே எழுதும்மா. பக்கத்துல ஒரு படம் வரைஞ்சிடு" என்றேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதை இறவாணத்திலிருந்து எடுத்து அவள் கையில் கொடுக்கணும்.